தையலுக்குள் நாலு விரல்

மகள் வீட்டு விருந்துக்குக் கிளம்பும்போது, தையல்காரரின் மனைவி, அவர் தனக்குக் கடைசியாகத் தைத்துக் கொடுத்த நீல ரவிக்கையை பீரோவிலிருந்து எடுத்தாள். அவர் போய்ச் சேர்ந்த மூன்று வருஷத்தில் அதைத் தொடுவது இதுதான் முதல் தடவை. போட்டுப் பார்த்தால், பொத்தான் துளைக்குக் கிட்டத்தில்கூட வரவில்லை.

“மூச்சை இழுத்துப் பிடி அக்கா!” என்று சிரித்தாள் தங்கை.

“சும்மா இருடி. எனக்கே மானம் போகுது.”

டாக்டர் கைவிரித்த வாரத்தில்தான் அவர் இதற்கு அளவெடுத்தார். “நீங்க போயிட்டா எனக்குச் சோறு இறங்குமா? துரும்பா இளைச்சு, ஒரே வருஷத்துல பின்னாலேயே வந்துடுவேன். என் தலையெழுத்து அதுதான். சின்னதாவே தைங்க” என்று அவள் அழுதாள்.

“தலையெழுத்து கிடக்கட்டும், கையைத் தூக்கு” என்றார் அவர்.

முதல் வருஷம் சோறு இறங்கவில்லைதான். அப்புறம் எப்போது இறங்க ஆரம்பித்ததென்று அவளுக்கே தெரியாது.

தையலைப் பிரித்துவிடலாமா என்று ரவிக்கையை உள்பக்கம் திருப்பினாள். யாருக்கும் ஒரு விரல் துணிக்கு மேல் தையலுக்குள்ளே விடாத கஞ்சன் அந்த மனுஷன். இதில் இரண்டு பக்கமும் நாலு விரல் விட்டிருந்தார். அந்த நாலு விரலுக்கு நடுவில், பிரித்தால் எங்கே தைக்க வேண்டும் என்று சாக்பீஸால் கோடு வேறு.

“பாவி மனுஷன், நான் அழுததை ஒரு வார்த்தை நம்பலை பாரு!”

பழைய தையலைப் பிரித்து, கோட்டின் மேலேயே மிஷினை ஓட்டினாள். ரவிக்கை கச்சிதமாக உட்கார்ந்தது. உள்ளே இன்னும் துணி மிச்சமிருந்தது.

விருந்தில் மகள் கேட்டாள், “போதுமாம்மா?”

“இன்னொரு கரண்டி போடு. உங்கப்பா இடம் விட்டுத்தான் தைச்சிருக்கார்.”