கொடி போர்த்தாதவன்

இறந்த கணவன் தாலுக்கின் காதுக்குப் பின்னால் காய்ந்திருந்த சேற்றை யாமிக் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது ஹெலிகாப்டர் இறங்கியது. மூங்கில் தரை அதிர்ந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பள்ளிக்கூட மைதானத்துப் பக்கம் நழுவினார்கள். நாத்தனார் ஓயின் மட்டும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஒவ்வொரு சவப்பெட்டிக்கும் கொடி போர்த்தியிருக்காங்க அண்ணி. பூ வேற. எல்லாரும் வரிசையா நின்னு சல்யூட் அடிக்கிறாங்க."

"மலைக்கு வழி காட்டினவனுக்கு என்ன கொண்டுவந்திருக்காங்களாம்?"



மேகத்துக்குள் போன ராணுவ விமானம் மலையில் மோதிப் பதினோரு நாளாகிறது. தேடி வந்த சிப்பாய்களுக்கு அந்தக் காட்டில் கால் வைக்கக்கூடத் தெரியவில்லை. வேட்டைக்குப் போய்ப் பழகிய தாலுக்தான் முன்னால் நடந்தான். உடைந்த இறக்கையை முதலில் பார்த்ததும் அவன்தான். இறந்தவர்களில் ஒருவரைக் கம்பில் கட்டித் தோளில் சுமந்து இறங்கும்போது பாசிப் பாறையில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தான். மறுநாள் ஹெலிகாப்டர் கயிறு இறக்கி விமானத்தில் வந்தவர்களின் உடல்களை மட்டும் மேலே இழுத்துக்கொண்டது. தாலுக்கை அவன் தம்பிகள் இரண்டு நாள் நடந்து சுமந்து வந்தார்கள். விமானத்தில் வந்தவர்களை இப்போது பெட்டிகளில் வைத்து, இறுதி மரியாதைக்காக மைதானத்தில் இறக்கியிருந்தார்கள்.

யாமிக் வாசலுக்கு வந்தாள். நான்கு பெட்டிகள் வெயிலில் பளபளத்தன. கொடியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. உள்ளே அவள் புருஷன் பழைய பாயில் கிடந்தான். அவளுக்கு வயிறு எரிந்தது. செத்தவர்கள்மேல் பொறாமைப்படுவது பாவம் என்று தெரிந்தும் எரிந்தது.

மைதானத்திலிருந்து ஒரு பெண் தனியாக ஏறி வந்தாள். வெள்ளைச் சுடிதார், சேறு படிந்த செருப்பு. விமானியின் மனைவி மிருணாள் என்று ஓயின் காதோடு சொன்னாள்.

"அவங்க பெட்டியைப் பாத்தாச்சுல்ல, இங்க என்ன வேலை?" என்றாள் யாமிக், அவளுக்குக் கேட்கும்படியே.

மிருணாள் ஏணிப்படியில் நின்றுவிட்டாள். "அக்கா, உங்க வீட்டுக்காரரை ஒரு தடவை பாக்கலாமா?"

"எதுக்கு? நன்றி சொல்லவா?"

"இல்ல. பெட்டியைத் திறக்கக் கூடாதுன்னுட்டாங்க. உள்ள என்ன இருக்குன்னு கேட்டேன். கேக்காதீங்க மேடம்னாங்க. ஒரு பக்கம் தூக்கிப் பாத்தேன்க்கா. ரொம்ப லேசா இருந்துச்சு."

யாமிக் வழியிலிருந்து கொஞ்சம் விலகினாள்.

மிருணாள் பாயருகே மண்டியிட்டாள். தாலுக்கின் நெற்றிக் காயத்தை, மூடிய கண்ணை, பாதி துடைத்த கழுத்தை, பெருவிரல் நகம் போன காலை, ஒன்றுவிடாமல் பார்த்தாள். பசித்தவள் அடுத்தவர் இலையைப் பார்ப்பதுபோல இருந்தது அது.

"முழுசா வந்துட்டாரே," என்றாள். "உங்களால குளிப்பாட்ட முடியுது."

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று யாமிக்குக்கு உடனே புரிந்தது. காலையிலிருந்து தன்னிடமே இருந்ததுதான். ஆனாலும் அந்தப் பார்வை பிடிக்கவில்லை. இவன் என்னுடையவன் என்பதுபோல் அவன்மேல் கிடந்த துணியை இழுத்து முகத்தை மூடினாள். காலையும் மூடினாள்.

கீழே யாரோ மிருணாளைக் கூப்பிட்டார்கள். ஹெலிகாப்டரின் விசிறி சுற்றத் தொடங்கியது. அவள் எழுந்திருக்கவில்லை.

யாமிக் துணிக்குள் கையை விட்டு, தாலுக்கின் இடது கையை எடுத்து வெளியே பாயின்மேல் வைத்தாள். இன்னும் கழுவாத கை. நகக்கண்களில் மலையின் கருமண் இருந்தது.

தண்ணீர்க் குடுவையை மிருணாள் பக்கம் நகர்த்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஈரத்துணியைப் பிழியத் தொடங்கினாள்.