விதுர்ஷா எடுத்த படம்

1
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பெருமையில் பிறந்தது. போர் முடிந்த ஆண்டு மட்டக்களப்பில் எங்கள் சித்திர ஆசிரியை பட்ரிசியா ரீச்சர் ஓய்வு பெற்றார். பள்ளி மண்டபத்தில் புகைப்படக் கண்காட்சி வைத்தார். முப்பத்திரண்டு வருடம் படிப்பித்துக்கொண்டே வாவியின் இரு கரைகளையும் படமெடுத்தவர், தன் படம் ஒன்றைக்கூட மாட்டவில்லை. எல்லாம் மாணவர்கள் எடுத்தவை. ஒன்றில் நான் நிற்கிறேன்.

2
‘வாவியின் மேல் பொன்னிறக் கதிர்கள்…’
[விட்டுவிட்டேன். ரீச்சர் படித்தால் காதைத் திருகுவார்.]

நடந்தது இதுதான். ஒரு பிலிம் சுருளில் முப்பத்தாறு படம். வகுப்பில் முப்பத்தாறு பேர். சோடி சோடியாக, ஆளுக்கு ஒரே தடவை. 2004 செப்ரெம்பரில் ஒரு காலை, கல்லடிப் பாலத்தடியில் என் சோடி விதுர்ஷா வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று என்னை எடுத்தாள். இரட்டைப் பின்னலோடு அவள் நிழல் என் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

“படத்துக்க உன்ட நிழல் என்னத்துக்கு?” என்று ரீச்சர் நூற்றுக்கு நாற்பது புள்ளி போட்டார்.

அவளை எடுத்தவன் நான். கை ஆடி, முகம் முழுக்கக் கலங்கிவிட்டது.*

மூன்று மாதத்தில் சுனாமி. கடலோர நாவலடியில் விதுர்ஷா போனாள். வீடும், வீட்டிலிருந்த படங்களும் போயின.

* எனக்கு ஐம்பத்தைந்து புள்ளி. நிழலாவது விழவில்லையாம். இன்றும் வெட்கமாக இருக்கிறது.

3
(இங்கே கடலை வர்ணிக்கச் சொன்னார் ஒரு நண்பர். எங்கள் ஊரில் யாருக்கு அது தேவை?)

ரீச்சர் வீட்டிலும் தண்ணீர் ஏறியது. சேறு படிந்த பிலிம்களைக் கழுவிக் கொடியில் காயப்போட்டார். பிள்ளையின் முகம் தேடி வந்தவர்களுக்கெல்லாம் பிரதி எடுத்துக் கொடுத்தார். விதுர்ஷாவின் தாய் சீதேவிப்பிள்ளைக்குக் கொடுக்க முகம் இல்லை. நிழலைக் கொடுக்க மனம் வரவில்லை. ஐந்து வருடம் அது உறைக்குள் கிடந்தது.

4
கண்காட்சிக்கு முதல், அதை எடுத்துக்கொண்டு ரீச்சரும் நானும் சீதேவிப்பிள்ளை குடியேறியிருந்த திராய்மடுவுக்குப் போனோம். அந்தத் தாய் சம்மதிக்காவிட்டால் படம் மறுபடி உறைக்குள்தான்.

[முதல் வரைவில் அவர் அதைக் கிழித்தார். இரண்டாவதில் முத்தமிட்டு அழுதார். இரண்டையும் ரீச்சர் வெட்டிவிட்டார்.]

சீதேவிப்பிள்ளை வெகுநேரம் பார்த்தார்.

“பின்னல் நான் போட்டு உட்டது. எடுத்தது ஆரு?”

“உங்கட மகள்தான். நான் பிழை எண்டு நாப்பது போட்டன்.”

“அப்ப அவட பேர கீழ போடுங்க ரீச்சர். செத்த புள்ள எண்டு எழுதாதீங்க. படமெடுத்தவ எண்டு எழுதுங்க.”

ரீச்சர் அப்படியே எழுதினார்.

கதையிலாவது புள்ளியைக் கூட்டலாமா என்று பிறகு கேட்டேன்.

“நாப்பது எண்டே எழுது மனே. பிழை விட்டது நான். என்னக் காப்பாத்தி எழுதாத.”

இப்படி ஒருவரிடம் படித்தேன் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன்.

5
கண்காட்சியன்று சீதேவிப்பிள்ளை நல்ல சேலை உடுத்தி, காலையிலிருந்து அந்தப் படத்தடியிலேயே நின்றார். வந்தவர்களையெல்லாம் மறித்து, “என்ட புள்ள எடுத்தது” என்றார். பின்னேரம் வெளியூர்க்காரர் ஒருவர் படத்தை ரசித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நல்லா எடுத்திருக்கிறா. இப்ப என்ன செய்யிறா?”

ரீச்சர் ஓரடி முன்னால் வந்தார். சீதேவிப்பிள்ளை கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, தானே பதில் சொன்னார்.

அந்தப் பதிலை மூன்று விதமாக எழுதி மூன்றையும் வெட்டிவிட்டேன். நான் பக்கத்தில் நின்று கேட்டவன்தான். ஆனாலும் அவர் தலை நிமிர்ந்து சொன்னதை என் பேனா குனிய வைத்துவிடுகிறது. நீங்கள் எழுதுங்கள்.