பிரேமாவிடம் ஒரு வார்த்தை

பிரேமா எங்கள் வீட்டை விட்டுப் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அவளை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் அருமைநாயகமும் பார்த்ததில்லை. அவருக்கு மட்டும் அவள் குரல் கேட்கும். டாக்டர் அந்த நோய்க்கு ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர் சொன்னார். நான் சக்களத்தி என்றுதான் சொல்வேன். மற்ற பெண்களுக்கு வாய்க்கிற சக்களத்தியையாவது முடியைப் பிடித்து இழுக்கலாம்.

கரமனையில் எங்கள் வாடகை வீட்டின் பின்பக்கம், பப்பாளி மரத்தடியில் துணி துவைக்கிற கல் கிடக்கிறது. அதில் உட்கார்ந்துதான் அவளோடு பேசுவார். மிளகாய் விலை, தம்பானூர் பஸ் ஸ்டாண்டு நெரிசல், சின்ன வயதில் அவருடைய அப்பாவிடம் வாங்கிய அடி, எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நான் அடுக்களையில் சோறு வடித்துக்கொண்டே கேட்பேன். எனக்குக் கிடைத்ததெல்லாம் உப்பு போதும், விளக்கை அணை, அவ்வளவுதான்.

அவள் நல்லவளாக இருந்தாலும் பரவாயில்லை. சோற்றில் விஷம் என்பாள், இவர் தட்டைத் தள்ளிவிடுவார். ஒரு நாள் அவள் கூப்பிட்டாள் என்று விழிஞ்ஞம் கடற்கரை வரை நடந்தே போய்க் கழுத்தளவு கடலில் நின்றார். மீன்பிடிக்கிறவர்கள் இழுத்துக் கரையில் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி, மாத்திரை, ஆர்யா எல்லாம். மாத்திரை பிடித்ததும் அவள் குரல் நின்றது.

ஆர்யா மனநலத் திட்டத்தில் வேலை பார்க்கிற பெண். ஸ்கூட்டரில் வருவாள், மலையாளத்தையும் தமிழையும் கலந்துகட்டி அடிப்பாள். மருந்து பாதி வேலைதான் செய்யும், மீதியைச் செய்ய வேண்டியது வீடும் தெருவும் என்று சொல்லி, எங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். பைத்தியம், பிராந்தன் என்று இவரை விரட்டிய டீக்கடைக்காரர் இப்போது இவரைக் கண்டதும் இவருக்குப் பிடித்த மாதிரி சீனி குறைத்துச் சாயா போடுகிறார். கடைசியாகச் சாலைக் கடைத்தெருவில் பருப்புக் கடை வைத்திருக்கும் யூசுப் பாயிடம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லி, வேலை கேட்டாள். நோய் வருவதற்கு முன்னால் இவர் அந்தக் கடைத்தெருவில் தராசு பிடித்தவர்தான். திங்கள்கிழமை முதல் வரட்டும் என்று சொல்லிவிட்டார் பாய்.

எல்லாம் நல்லதுதான், நான் நன்றி கெட்டவள் இல்லை. ஆனால் பிரேமா போகிற போக்கில் இவர் பேச்சையும் கையோடு கொண்டுபோய்விட்டாள். சாயங்காலம் இப்போதும் கல்லில் போய் உட்காருவார். வாய் திறக்கமாட்டார். ஆர்யாவிடம் அழாத குறையாகச் சொன்னேன். மருந்தின் அளவைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம், பேச்சு மெல்லத்தான் வரும், சேச்சி விடாமல் பேசிக்கொண்டிருங்கள் என்றாள்.

நான் ஆசைப்பட்டதும் பெரிய சங்கதி இல்லை. கல்யாணமான புதிதில் கடைக்குப் புறப்படும்போது வாசல்படியில் நின்று, போயிட்டு வாறேன் என்பார். உள்ளிருந்து நான் பதில் சொல்லும் வரை படி இறங்கமாட்டார். நான் வேண்டுமென்றே தாமதிப்பேன். பாவம், நிற்பார். நோய் வந்த பிறகு எப்போது போகிறார், எங்கே போகிறார் என்றே தெரியாமல் போனது. அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஏங்கிய ஏக்கம் கர்த்தருக்குத்தான் தெரியும்.

திங்கள் காலை இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு இட்லி சாப்பிட்டார். மாத்திரையைக் கொடுத்தேன். வாயில் போடாமல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னைக்கு ஒரு நாள் வேண்டாம் ரத்னா," என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"பிரேமா வரட்டும். வேலைக்குப் போறேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். இத்தனை வருஷம் கூட இருந்தவ, கேட்டியா? சொல்லாம போனா மரியாதை இல்ல."

பல மாதங்களில் அவர் என்னோடு பேசிய நீளமான பேச்சு அதுதான். அதுவும் அவளைப் பற்றி. எனக்கு வயிறு எரிந்தது, கூடவே பயமும் வந்தது. இன்றைக்கு மாத்திரையை விட்டவர் நாளைக்கும் விடுவார், விழிஞ்ஞம் ஒன்றும் தூரத்தில் இல்லை.

"எங்கிட்ட சொல்லிட்டா போனீங்க?" என்றேன். "இத்தனை வருஷமா நானும் இந்த அடுக்களையிலதான் நிக்கேன். எங்கிட்ட யாரு சொன்னா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பார்க்கச் சகிக்கவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய்ச் சொல்லுங்கள், அவள் பேச்சு உங்களுக்குக் கேட்காது, அதற்காக நீங்கள் சொல்லக்கூடாது என்று யார் சொன்னது என்றேன். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

பிறகு பின்பக்கம் போய்க் கல்லுக்கு முன்னால் நின்று காலரைச் சரிசெய்துகொண்டார். நான் அடுக்களை ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போயிட்டு வாறேன்," என்றார்.

பதில் இல்லை. அவர் நகரவும் இல்லை. முதல் நாள் என்று கூட்டிப்போக வந்திருந்த ஆர்யா, தெருமுனையில் ஹார்ன் அடித்தாள். அவர் அப்படியே நின்றார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். பதில் வராமல் படி இறங்காத மனிதரின் நிற்பு அது. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"பாத்துப் போங்க."

அவர் மரத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி ஜன்னலைப் பார்த்தார்.

"நீயா?"

"நான்தான். இங்க வேற யாரு இருக்கா?"

என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். அப்புறம் வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. ஹார்ன் மறுபடியும் அடித்தது.

"ரத்னா," என்றார் வாசல்படியில் இருந்து. "போயிட்டு வாறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நிற்கட்டும்.