குழாய் வளைத்தவள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையில். என் கணினி சூடாகிறதென்று, தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் ரெடிமேட் கூலர் ஒன்று வாங்கப் போயிருந்தேன். தண்ணீரை உள்ளே அடைத்துச் சீல் வைத்தே தருவார்கள். நாலு திருகு முடுக்கினால் வேலை முடிந்தது. பக்கத்தில் ஒரு பெண் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவலியில்லாமல் அவளும் ரெடிமேடே வாங்கிக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர்.

"தலைவலி என்னோடதுதானே?" என்றாள் அவள்.

கையில் பெட்டியோடு நின்ற எனக்குக் கொஞ்சம் கூசியது. (அதற்காக வாங்காமல் வரவில்லை.) இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வெயில் கொளுத்திய ஒரு மதியத்தில் அவள்…' வேண்டாம். கணினிச் சூட்டையும் வெயிலையும் முடிச்சுப் போடுவது எனக்கே சகிக்கவில்லை.

அடுத்து: 'தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் ஜென்மப் பகை. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் குடிவைக்க…' படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, விளம்பரம் போல. அடித்துவிட்டேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு வீட்டு உள் அலங்காரம் தொழில். இன்னும் கட்டாத வீட்டின் கூடத்தையும் சமையலறையையும் நிஜம்போலக் கணினியில் வரைந்து காட்டுவாள். ஒருநாள் வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சூடேறி அணைந்துபோயிற்று. ரெடிமேட் கூலர் பிராசசரை மட்டும் குளிர்விக்கும். அவளுக்கோ படங்களைத் தீட்டித் தரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து கொதித்தது. தானே குழாய் வளைத்துப் போட்டால் ஒரே தண்ணீர் இரண்டையும் சுற்றி வரும். ஆனால் ஒரு மூட்டு கசிந்தால் போதும். கணினியும் போச்சு, அதை நம்பி ஒப்புக்கொண்ட புது வேலையும் போச்சு.

3

கணவனை முதலில் வில்லனாக எழுதினேன். 'உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை' என்கிற ரகம். எனக்கு அது வசதி, ஆனால் அவன் அதற்குள் அடங்கவில்லை. அவள் குழாயைச் சூடுகாட்டி வளைத்தபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவனே அவன்தான். முதல் குழாய் மிதிபட்ட ஸ்ட்ரா மாதிரி நசுங்கியது. அடுத்ததும் உருப்படவில்லை. அதற்கடுத்தது அச்சில் வார்த்ததுபோல வளைந்து நின்றது. அதைப் படமெடுத்து, தன்னோடு ஆம்புலன்ஸ் ஓட்டுபவர்கள் அத்தனை பேருக்கும் காட்டிவிட்டுத்தான் அவன் வண்டியையே எடுத்தான்.

அப்படிப்பட்டவன், பீரோவின் மேல் சீல் பிரிக்காத ரெடிமேட் கூலர் ஒன்றை ஒளித்து வைத்திருந்தான்.

(ஏன் என்று இந்த வரியை எழுதும்போது எனக்கும் தெரியாது. அவன் வாயாலேயே வரட்டும் என்று விட்டுவிட்டேன்.)

4

ஞாயிற்றுக்கிழமை காலை. கணினிக்கு மின்சாரம் கொடுக்காமல், தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்பை மட்டும் ஓடவிட்டிருந்தாள். ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூ காகிதம் சுற்றியிருந்தது. ஒரு பொட்டு கசிந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் காலைவரை காய்ந்தே இருந்தால்தான் நம்பலாம். இன்னும் கொஞ்சம் டிஷ்யூ எடுக்கப் பீரோ மேல் கைநீட்டித் துழாவியவளுக்கு அந்தப் பெட்டி தட்டுப்பட்டது.

அவள் கத்தவில்லை. (ஒரு பிரதியில் கத்தினாள். அது அவளில்லை.) பெட்டியை அவன் முன்னால் வைத்தாள்.

"நம்பிக்கை இல்லேன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"ஸ்டெப்னி இல்லாம நான் வண்டிய எடுத்ததே இல்ல. அதுக்குன்னு ஓடற டயர நம்பலேன்னு அர்த்தமா?"

"டயர் நீங்க செஞ்சதில்ல. இது நான் செஞ்சது."

அவனுக்காக மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றுகூட அவள் முன்னால் நிற்கவில்லை. அவன் பெட்டியோடு இருந்த பில்லைப் பிரித்துப் பார்த்தான். பெட்டியைத் திருப்பிக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். பம்ப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

5

இனி முடிவு. கசிந்தது என்று ஒரு முடிவு எழுதினேன். அவனை அழவைக்க வேண்டியிருந்தது. கசியவில்லை என்று ஒன்று எழுதினேன். எல்லாரும் சிரித்துக்கொண்டே நின்றார்கள். இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டு அவன் பின்னாலேயே கடைக்குப் போனேன்.

பெட்டியைப் புரட்டிப் பார்த்த கடைக்காரர், ஏன் திருப்பித் தருகிறார், சரியாகப் பொருந்தவில்லையா என்று கேட்டார். அவன் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னான்:

"தேவைப்படல. என் பொண்டாட்டியே குழாய் வளைச்சுப் போட்டுட்டா. ரெண்டுக்கும் சேர்த்து."

அப்போது அவன் போன் அடித்தது. அவள்தான்.

எதற்குக் கூப்பிட்டாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. காகிதம் நனைந்துவிட்டது என்று நீங்கள் வைத்துக்கொள்ளலாம். நனைந்தால் இன்னொரு குழாய் வளைப்பாள், கை பழகிவிட்டது. காய்ந்தே இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளலாம். வரும்போது பால் வாங்கிவரச் சொன்னாள் என்றாலும் எனக்குச் சம்மதமே. எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள். அவன் கடையில் சொன்னதில் மட்டும் கைவைக்காதீர்கள். போனை எடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டான்.