இடக்கை நூல்

நூல் நூற்கும் தக்ளி மூன்றாவது தடவையாக இழை அறுந்து விழுந்தது. தரையில் உருண்டு தையல் மிஷினுக்கு அடியில் போய் நின்றது. தையல்காரி மண்டியிட்டு, கையை நீட்டித் துழாவி அதை எடுத்தாள்.

"என்ன சத்தம்?" கூடத்திலிருந்து நாத்தனார் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி. கை தவறிடுச்சு."

கூடத்தில் தையல்காரியின் புருஷன் படுத்திருந்தார். ஊரில் பாதி லிஃப்டுகளுக்கு வைத்தியம் பார்த்த மெக்கானிக். முந்தின நாள் மத்தியானம் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில், வேலையை முடித்துப் பெட்டியை மூடிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. லிஃப்ட் நன்றாகத்தான் ஓடியது. அதிலேயே அவரைக் கீழே இறக்கினார்கள். வயது ஐம்பத்திநாலு.

மயானத்துக்குக் கொண்டுபோக நாலு மணிக்கு வண்டி வரும். இப்போது இரண்டே கால்.

வாசற்படிக்கு வந்து நின்ற நாத்தனாரின் கையில் ஒரு புதுக் கோட்டு இருந்தது. விலைச்சீட்டைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"இதைப் போட்டுடலாம்மா. என் தம்பி கிழிசலோட போகக் கூடாது. நாலு பேர் பாக்குற எடம்."

"ஸ்வெட்டர்ல கிழிசல் இருக்காது அண்ணி. பாதி அவரே முடிச்சுட்டார். மீதிய நான் முடிச்சுடறேன்."

"மூணரைக்குள்ள முடிச்சா அது. இல்லன்னா இதுதான்."

நாத்தனார் கோட்டை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டுப் போனாள்.

மேசைமேல் பழுப்பு ஸ்வெட்டர் கிடந்தது. அதன் இடது முழங்கைக்குள் ஒரு பீஸ் போன பல்பு. ஓட்டையைப் பல்பின்மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் இழை ஓட்டுவார். ஊசி குடைக் கம்பியில் செய்தது, கம்பளியைச் சிக்கெடுப்பது நாய்க்குச் சீவும் பிரஷ்ஷில். தக்ளி என்பது ஒரு சைக்கிள் கம்பி, அதன் நடுவில் ஒரு சிடி. அது அவர்களுடைய கல்யாண சிடி. கண்டுபிடித்த அன்று அவள் வீட்டையே இரண்டாக்கினாள். "ரெண்டு காப்பி இருக்குல்ல" என்றார் மனுஷன், சுற்றுவதை நிறுத்தாமல்.

பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்து, பஞ்சாக்கி, நிறம் கலந்து, திரும்ப நூற்று, இன்னொரு பழைய ஸ்வெட்டரை ஒட்டுப்போடுவார். இது என்ன பிழைப்பு என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மிஷினில் ஐந்து நிமிஷ வேலை. இரண்டு வருஷம் முன்பு அதைச் செய்தும் காட்டினாள். இதே ஸ்வெட்டர், வலது முழங்கை. நல்ல தோலாகப் பார்த்து ஓவல் வடிவத்தில் வெட்டி, மிஷினில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள். அவர் "நல்லாருக்கு" என்றார். பிறகு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து, ஒவ்வொரு தையலாகக் குடைக் கம்பியால் பிரித்து எடுத்தார்.

"இனிமே உங்க துணில நான் கை வெச்சா ஏன்னு கேளுங்க" என்றாள் அவள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். பொத்தான் அறுந்தாலும் அவரேதான் தைத்துக்கொண்டார்.

இப்போது ஓட்டை பாதி அடைந்திருந்தது. ஊசி குத்தியபடி நின்றது. தக்ளியில் மிச்சம் இருந்தது ஒரு சாண் நூல். இன்னும் நாலு முழமாவது வேண்டும்.

அவள் பழுப்புப் பஞ்சைப் பிய்த்து, அந்த ஒரு சாண் நூலின் நுனியில் பொருத்தி, தக்ளியைச் சுண்டினாள். சுழன்றது. சுழலச் சுழல, அவர் நூற்றிருந்த நூல் இறுகுவதற்குப் பதில் நெகிழ்ந்து, பஞ்சாகி, பிரிந்தது. நாலாவது தடவையும் விழுந்தது. ஒரு சாண் நூல் அரைச் சாணாகியிருந்தது. முப்பது வருஷமாக நூலோடு மல்லுக்கட்டியவள். ஒரு சாண் நூலிடம் தோற்கிறோமே என்று ஆத்திரமாக வந்தது. செத்துப்போயும் வீம்பு பிடிக்கிறாரே என்று அவர்மேலும் வந்தது.

மணி இரண்டே முக்கால்.

எழுந்து மிஷினில் உட்கார்ந்தாள். பழுப்பு நூல்கண்டை மாட்டினாள். ஸ்வெட்டரின் கையை ஊசிக்கடியில் வைத்துப் பெடலில் காலை வைத்தாள். கால் அழுத்தவில்லை. வலது முழங்கையில், தோலைப் பிரித்த இடத்தில், அவர் கையால் ஓட்டிய இழைகள் இருந்தன. எங்கே தொடங்கி எங்கே முடித்தார் என்று அவள் கண்ணுக்கே தெரியவில்லை. ஸ்வெட்டரை வெளியே எடுத்தாள்.

"ஏம்மா, வாட்ச்ச எந்தக் கையில கட்டட்டும்?" கூடத்திலிருந்து குரல் வந்தது.

"வலது கையில அண்ணி. அவருக்குத்தான் எல்லாமே தலைகீழாச்சே."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள்.

இடக்கைக்காரரோடு இருபத்திரண்டு வருஷக் குடித்தனம். சாப்பாட்டு மேசையில் முழங்கை இடிக்கக் கூடாதென்று முதல் வாரமே இடம் மாற்றிக்கொண்டார்கள். அன்றிலிருந்து எங்கே உட்கார்ந்தாலும் அவளுக்கு அவருடைய வலது பக்கம்தான். கத்தரிக்கோல்கூட அவருக்குத் தனி. அப்பேர்ப்பட்டவர் நூலை மட்டும் எந்தப் பக்கம் முறுக்கியிருப்பார்?

தக்ளியை இடது கைக்கு மாற்றினாள். பழக்கமில்லாத விரல்கள் வழுக்கின. சுண்டினாள். சிடி எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. அரைச் சாண் நூல் இறுகி, பஞ்சைப் பிடித்துக்கொண்டது. விழவில்லை.

அழுகை வந்தது. நேற்றிலிருந்து வராதது. அழுதாள், சுற்றுவதை நிறுத்தாமல்.

நூல் ஓரிடத்தில் மெலிந்தது, ஓரிடத்தில் புழுவாகத் தடித்தது. நாலு முழம் என்று நினைத்தது மூன்றரைதான் தேறியது. குடைக் கம்பியில் கோத்து, பல்பின்மேல் இழுத்துப் பிடித்து, ஒன்று விட்டு ஒன்றாக இழை ஓட்டினாள். மூன்று இருபத்தைந்துக்கு ஓட்டை மூடியது.

முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர் என்பதால் போட்டுவிடுவதில் அதிகச் சிரமமில்லை. அவரோடு வேலை பார்த்த இரண்டு மெக்கானிக்குகள் தூக்கிப் பிடித்தார்கள். நாத்தனார் கையை நேராக்கும்போது இடது முழங்கையைத் தடவிப் பார்த்தாள்.

"இங்க மட்டும் முண்டும் முடிச்சுமா இருக்கே. என் தம்பி இப்படி விட்டிருக்க மாட்டானே."

"மாட்டார்தான்" என்றாள் அவள். "இருந்தா, ரெண்டு நாள் உக்காந்து பிரிச்சிருப்பார்."

நாத்தனார் கோட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வண்டி வந்துவிட்டது. உள்ளே நடுவில் அவரை வைத்தார்கள். இரண்டு பக்கமும் நீளப் பலகை. டிரைவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்படி அவருக்கு இடது பக்கம் உக்காருங்கம்மா. காத்து வரும்."

"இல்லப்பா. அந்தப் பக்கம் போயிடறேன்."

"அங்க இடம் நெருக்கமா இருக்கும்மா."

"பரவால்ல."

குனிந்து, அவருடைய கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு போய், எப்போதும்போல வலது பக்கம் உட்கார்ந்தாள். முழங்கையை உடம்போடு ஒடுக்கிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை.