தக்க காரணம்

கால்கட்டு முடிந்து கைக்கட்டுக்கு வந்தபோது மொக்கைச்சாமிக்குச் செத்துப்போன தம்பி வீரணனின் வலது கை வசப்படவில்லை. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி விறைத்துக் கிடந்தது.

"உசுரோட இருக்கையில கைநாட்டு வையிடான்னாலும் இப்படித்தான் மடக்கிக்கிருவான். இப்ப எவன்டா மைப்பெட்டியோட நிக்கிறான்? நீட்டுடா."

நின்ற ஆண்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"விடுங்க பெரியப்பா, ஒடிச்சுறாதீங்க" என்று பவதாரிணி அப்பாவின் விரலை வாங்கி நீவிவிட்டாள். மூட்டை தூக்கிக் காய்த்த விரல். மெல்லத்தான் நிமிர்ந்தது.

பேரையூர்ப் பக்கம் வீரணனின் அப்பா ஒரு காகிதத்தில் விரலை உருட்டிவிட்டுச் சொந்தக் காட்டை இழந்து, சாகிறவரை அடுத்தவன் காட்டில் கூலிக்குக் கிடந்தார். அதிலிருந்து வீரணனுக்கு ஒரே பாடம்தான்: விரல் படாத காகிதம் நம்மைப் பிடிக்காது. ஒத்தக்கடையில் இத்தனை வருசம் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் வழக்குப் போட்டபோது, கோர்ட்டு அமீனா சம்மனோடு வாசலுக்கு வந்தார். வீரணன் அவருக்குச் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். காகிதத்தை மட்டும் தொடவில்லை. "கைநாட்டு வைக்கலைல்ல, இனி ஒரு பயலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று அன்றைக்கு ரெண்டு சட்டி சோறு தின்றார்.

அமீனா, வாங்க மறுத்தார் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். கோர்ட்டுக்கு அது போதும். பதில் போட வேண்டிய கெடு ஓடியது. யாரும் வரவில்லை என்று ஒருதலையாய்த் தீர்ப்பாகி, காலி செய்ய ஆள் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

வக்கீல் செல்லக்கிளி, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு எழுதினாள். காமாலை வந்து படுத்த படுக்கையாய்க் கிடந்ததால் கோர்ட்டுக்கு வர முடியவில்லை என்று.

"நான் எங்க தாயி படுத்தேன்? பயந்து போயி வாங்கலைன்னு உள்ளதை எழுதுங்க."

"பயத்துக்கெல்லாம் அங்க மன்னிப்பு கெடையாதுண்ணே. நோய்க்குத்தான் உண்டு."

வீரணன் மகளைப் பார்த்தார். "வைப்பா" என்றாள் பவதாரிணி. அப்பவும் விரலை மடக்கிக்கொண்டுதான் இருந்தார். அவள்தான் பிடித்து மையில் அழுத்தினாள்.

அடுத்த சித்திரைக்குள் சிறுநீரகம் ரெண்டும் போய், நிஜமாகவே படுத்துவிட்டார்.

வாசலில் ராக்கம்மாள் புருசன் முகத்தைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு இழுத்தாள்:

"படுத்த படுக்கையின்னு பத்திரத்துல எழுதவச்சா,
பெத்த மக சொல்லு பலிச்சிருச்சே என் ராசா..."

கூடி அழுத பெண்களின் குரல் ஒரு கணம் தடுக்கியது. செத்த வீட்டில் பாடுவதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. பவதாரிணி குனிந்தபடியே விரல்களைச் சேர்த்துக் கட்டினாள்.

இன்றைக்குத்தான் அந்த மனுவில் உத்தரவு. பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க ஆட்கள் கிளம்பும்போது வக்கீலிடமிருந்து போன் வந்தது. கொல்லைப்பக்கம் போய் எடுத்தாள்.

"பவா, தள்ளுபடிம்மா."

அவள் கொல்லைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"அமீனா வந்த அன்னைக்கு ஒங்க அப்பா வாசல்ல அரிசி மூட்டை எறக்கிட்டு இருந்தாராம். எதுத்தாப்ல கடை கேமராப் பதிவுல இருக்கு. படுக்கையில கெடந்தவரு எப்படி மூட்டை எறக்குனாருன்னு ஜட்ஜ் கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல?"

"செத்துட்டாருன்னு சொன்னீங்களா மேடம்?"

"சொன்னேன். ரொம்ப வருந்துனாரு. ஆனா அது இப்பம்மா, கெடு போனது அப்ப." கொஞ்சம் தயங்கினாள். "அப்பீல் பண்ணலாம். நீயும் அம்மாவும் வாரிசா சேரணும். அதுக்கும் கெடு உண்டு, தவறிப் போனாலும் பயப்படாத. இந்தத் தடவை நல்ல காரணம் இருக்கு."

திரும்பி வந்தபோது வீட்டுக்காரர் சுப்பராமன் நின்றிருந்தார். திருநகரிலிருந்து ஆட்டோ பிடித்து மாலையோடு வந்திருந்தார். செருப்பைத் தெருவிலேயே விட்டிருந்தார். மாலையைப் போட்டுவிட்டு அவளிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"உங்கப்பா வாடகை விஷயத்துல ஒருநாள் பேச்சு மாறினதில்லைம்மா. எனக்கும் வேற எடமில்ல, என் பொண்ணு சுஷ்மா குழந்தையோட திரும்பி வந்துட்டா. பதினாறு முடியறவரைக்கும் காலி பண்ணச் சொல்லி ஒருத்தரும் வரமாட்டா. அதுக்கு மேல என்னால தாங்காது. ஆர்டர் வந்துடுத்து, தெரியுமோல்லியோ?"

"தெரியும் சார். அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க."

அவர் தலையாட்டினார்.

பெரியப்பா மகன் காளை கொள்ளிச்சட்டியோடு முன்னால் போக, தேர் தெருவைத் திரும்பியது. வெடிச் சத்தம் மேலூர் ரோடு வரைக்கும் கேட்டு ஓய்ந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுத் தலைமுழுகினார்கள். ஈரச்சேலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்த ராக்கம்மாள், மகளை இப்போதுதான் பார்த்தாள்.

"வக்கீலம்மா போன் போட்டுச்சா?"

"போட்டாங்க."

"என்னவாம்?"

"தேதி வாங்கிருக்காங்க."

"ஆகட்டும். அந்த மனுசன் இங்கதான இருந்தாரு, இங்கயே இருக்கட்டும். போட்டோ மாட்ட ஒரு ஆணி அடி. வாசலைப் பார்த்தாப்ல."

பவதாரிணி அம்மிக்குழவியை எடுத்து வந்தாள். முதல் அடியில் சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டி ஆணி கழன்று விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தாள். அங்கேயும் செங்கல் பொடிந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பவதாரிணி சுவரை விரல் முட்டியால் தட்டித் தட்டி, ஆணி நிற்கிற இடம் தேடிக்கொண்டு போனாள்.