வெயிலுக்குத் தள்ளிய கார்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். கானா நாட்டுக் குமாசியில், எங்கள் சுவாமே பட்டறைச் சந்தில், நான் தகரம் தட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில். கெங்கே என்கிற புளித்த சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் தின்றுகொண்டிருந்தேன். கொட்டகை நிழலில் சுகமாக நின்ற ஒரு காரை நாலு பேர் உச்சி வெயிலுக்குத் தள்ளினார்கள். ஒருத்தி கத்தினாள்: "இன்னும் வெளிய! நிழலோட வால்கூட மேல படக்கூடாது!"

கை கழுவாமல் ஓடினேன். எழுதும்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'செர்வா அடக்கமான பெண், அதிகம் பேச—'

அடித்துவிட்டேன். அன்றைக்குக் கத்தினாளே, அந்த செர்வாவா அடக்கம்? சந்தே சிரிக்கும்.

அடுத்தது: 'சூரியன் தங்கத் தட்டைப் போல—'

இதுவும் போகட்டும். பட்டறையில் சூரியன் யாருக்கும் தட்டாகத் தெரியாது. முதுகில்தான் தெரியும்.

நேராகவே சொல்கிறேன். செர்வா ஏசி ஃபிட்டர். ஓடுரோ மாஸ்டரிடம் வேலை பார்த்துவிட்டு, அவருக்கு எதிரிலேயே தனிக் கொட்டகை போட்டவள். மாஸ்டர் தன் சொந்தக் காரையே கொண்டுவந்து அங்கே நிறுத்தினார். ஏசி அனலாக ஊதியது.

"இதைக் குளிர வை. முடியலைன்னா உன் கடை போர்டைக் கழட்டிட்டுப் பழையபடி எங்கிட்ட வந்துடு."

"குளிர்ந்துட்டா?"

"ஏசின்னு வர்றவனுக்கெல்லாம் நானே உன் கடைக்கு வழி சொல்றேன். போதுமா?"

3

ஏசியின் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்பினால், சில கார்கள் தங்கள் நோவைத் தாங்களே எண்ணாகச் சொல்லும். (என் கதைக்கும் அப்படி ஒரு பொத்தான் இருந்தால்!) திரையில் 21 வந்தது. பிறகு 22.

"இருபத்தொண்ணுன்னா வெயில் சென்சார்," என்றார் மாஸ்டர். "ரெண்டு தடவை மாத்திட்டேன். சனியன் போகவே மாட்டேங்குது."

"எங்க வச்சுப் பாத்தீங்க?"

"என் கொட்டகையிலதான். பின்ன சர்ச்லயா?"

"அங்க ஏது மாஸ்டர் வெயில்?"

அந்த சென்சார் நன்றாகவே இருந்தாலும், வெயில் படாத இடத்தில் 21 என்றுதான் காட்டும். அதனால்தான் தள்ளினார்கள். மாஸ்டரும் தோள் கொடுத்தார்.

வெயிலில் மறுபடி பொத்தான்களை அழுத்தினாள். 21 இல்லை! சந்து முழுக்க விசில். நானும் அடித்தேன், வாயில் மீனோடு.

22 மட்டும் நின்றது.

4

22 என்றால் எஞ்சின் வேகத்துக்குக் கம்ப்ரசர் சுற்றவில்லை. பெல்ட் வழுக்கலாம். கம்ப்ரசரே இறுகிக்கொண்டிருக்கலாம். பெல்ட் தொளதொளவென்று இருந்தது. இறுக்கினாள். கம்ப்ரசரைக் கையால் சுற்றினாள். சுற்றியது, ஆனால் உள்ளே ஏதோ லேசாக உறுமியது.

(அந்த உறுமலை எழுதாமல் விட்டிருக்கலாம். கேட்டதை எப்படி விடுவது?)

"ஒரு பெல்ட்டுக்கா இவ்வளவு கூத்து?"

"ரெண்டு சென்சாருக்கு நீங்க ஆடினதைவிடக் கம்மிதான்."

5

ஒரு முடிவு: காற்று ஐஸாக வருகிறது. அதற்கு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்த மாஸ்டர் இறங்க மறுக்கிறார்.

இன்னொன்று: மறுபடி 22. செர்வா ஸ்டூல் போட்டு ஏறி, போர்டின் முதல் ஆணியை—

இரண்டையும் என் வீட்டுக் கூரைக்கடியில் உட்கார்ந்து எழுதினேன். இரண்டும் உண்மை மாதிரியே இருக்கின்றன. நிழலில் வந்ததை அப்படியே நம்பக்கூடாது என்று அன்றைக்குத்தானே பார்த்தேன்!

செர்வா சாவியை நீட்டினாள். "நீங்களே திருப்புங்க மாஸ்டர்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சாவி என்னிடம் வந்தது. இந்தாருங்கள் வாசகரே, பிடியுங்கள். திருப்புவதற்கு முன் கொஞ்சம் வெயிலுக்கு வாருங்கள்.